காரைக்குடியிலிருந்து ஒரு நாள் சொசைட்டிச் சுற்று: எங்கே நிற்கலாம், எதை வெட்டலாம்

செட்டிநாட்டுச் சுற்றுலா என்றால் இத்தனை காலம் வீடு பார்ப்பதுதான். கானாடுகாத்தானில் ஒரு வளவு, ஆத்தங்குடியில் ஒரு தரைக்கல் பட்டறை, மதியம் மெஸ்ஸில் வாழையிலை, பொழுது சாயப் பிள்ளையார்பட்டி. இப்போது அதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. பால் சொசைட்டி, கடன் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், செக்கு, அரிசி ஆலை என்று விவசாயிகள் கூடி நடத்தும் அமைப்புகளையும் அவற்றை ஒட்டிய தொழில்களையும் ஒரே நாளில் சுற்றிக் காட்டும் பயணம். பழைய வீட்டை விடுதியாக்கியவர்களும் வாடகைக் கார்க்காரர்களும் கேட்டால் ஏற்பாடு செய்து தருகிறார்கள். ஆளுக்கு ஆள் பெயர் மாறினாலும் வழித்தடம் ஏறக்குறைய ஒன்றுதான். குறையும் ஒன்றுதான்: காலை ஒன்பது மணிக்குமேல் கிளம்புவது.

சங்கம் எதுவானாலும் அங்கே பார்க்க வேண்டியவை தராசும் பேரேடும். யார் நிறுக்கிறார், விலையை யார் சொல்கிறார், பணம் எத்தனையாவது நாள் கைக்கு வருகிறது. இந்த மூன்றும் கண்முன் நடக்கிற வேளையில் போய் நின்றால் கொடுத்த காசுக்குப் பெறும். நேரம் தவறிப் போனால் பூட்டிய கிட்டங்கியையும் கழுவிக் கவிழ்த்த கேன்களையும் பார்த்து, செயலர் வாங்கித் தரும் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பலாம். அதனால் முன்பதிவு செய்யும்போதே பட்டியலைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். வீடும் கல் பட்டறையும் எந்த நேரத்திலும் இருக்கும். பால் இருக்காது.

முதல் நிறுத்தம் பால் சொசைட்டி. காலை ஐந்தே முக்காலுக்கு அங்கே நிற்க வேண்டும். கிராமத்தில் காலைக் கறவை பெரும்பாலும் ஏழரை மணிக்குள் அளந்து முடிந்துவிடும். அடுத்தது பிற்பகல் மூன்று மணிக்கு மேல்தான். கட்டடம் பெரும்பாலும் ஒற்றை அறை. வாசலில் தூக்குவாளியோடு வரிசை. வரிசைக்கும் தராசுக்கும் நடுவே நிற்காமல் ஓரமாக நின்றாலே எல்லாம் தெரியும்.

நடப்பது இதுதான். உறுப்பினர் தன் எண்ணைச் சொல்கிறார். பாலை வடிகட்டி ஊற்றி அளவு பார்க்கிறார்கள். சிறு குவளையில் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக் கருவிக்குக் கொடுக்கிறார்கள். சற்று நேரத்தில் கொழுப்பு, கொழுப்பில்லாத இதரச் சத்து இரண்டும் எண்ணாக வருகின்றன. விலை அட்டவணைப்படி தொகை சீட்டில் அச்சாகிறது. கருவி வருவதற்கு முன்பு இருந்த கெர்பர் முறைச் சாமான் சில சங்கங்களில் அலமாரியில் இன்னும் இருக்கும். காட்டச் சொல்லிக் கேளுங்கள். கண்ணாடிக் குழாயில் 10 மில்லி கந்தக அமிலம், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் விட்டு மூடி, குலுக்கி, சுழற்றும் இயந்திரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 1100 சுற்று வேகத்தில் நாலைந்து நிமிடம் ஓட்டினால், கொழுப்பு மட்டும் பிரிந்து குழாயின் அளவுகோட்டில் ஏறி நிற்கும். மின் கருவி காட்டுவது சரிதானா என்று தீர்மானிக்க இந்த முறைக்கு ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும். அமிலத்தை ஊற்றும்போது பக்கத்தில் குழந்தைகளை விடாதீர்கள்.

விலையைப் பற்றி வழிகாட்டிகள் பாதிதான் சொல்கிறார்கள். ஆவின் கொள்முதல் விலையை 2022 நவம்பரில் பசும்பாலுக்கு லிட்டர் 35 ரூபாய், எருமைப் பாலுக்கு 44 ரூபாய் என்று அரசு உயர்த்தியது. 2023 டிசம்பர் முதல் லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. ஆனால் 35 ரூபாய் என்பது 4.3 விழுக்காடு கொழுப்பும் 8.2 விழுக்காடு இதரச் சத்தும் உள்ள பசும்பாலுக்கு. இந்தப் பக்கம் கட்டியிருக்கும் கலப்பினப் பசுக்களின் பாலில் கொழுப்பு நான்கைத் தொடுவதே பெரிது. ஆகவே சீட்டில் விழும் தொகை, அறிவித்த விலைக்குக் கீழேதான் பெரும்பாலும் இருக்கும். வரிசையில் நிற்கும் யாரிடமாவது, "அண்ணே, சீட்டைக் கொஞ்சம் பார்க்கலாமா" என்று கேட்டால் மறுக்க மாட்டார்கள். அந்த ஒரு சீட்டு, வழிகாட்டியின் அரைமணி நேரப் பேச்சைவிட மேல்.

இங்கே என்னென்ன பிசகும் என்பதையும் நின்று பார்க்கலாம். மாதிரி எடுக்கும்முன் பாலைக் கலக்காவிட்டால் மேலே மிதக்கும் கொழுப்பு கூடுதலாகவோ, அடியில் மொண்டால் குறைவாகவோ காட்டும். நுரையோடு அளந்தால் அளவு ஏமாற்றும். கறந்த சூட்டோடு, பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டரை விட்டால் அது உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். தண்ணீர் கலந்த பால் என்று பெயர் வாங்கித் தரும் தப்பு இது. கருவியின் குழாயைக் கழுவாமல் விட்டால் பால் படிந்து அடுத்தடுத்த எண்கள் எல்லாம் கோணலாகும். மாட்டின் பக்கமும் காரணம் உண்டு. வைக்கோலைக் குறைத்துத் தீவனத்தை ஏற்றினால் கொழுப்பு இறங்கும். மடிநோய் இருந்தால் இதரச் சத்து இறங்கும். கேனைக் கழுவிய தண்ணீரை வடிக்காமல் பாலை ஊற்றினால் இரண்டும் இறங்கும். ஒரே ஆளுக்கு நேற்றும் இன்றும் எண் மாறுவதற்கு இத்தனை வழி இருக்கும்போது, கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்று கேட்பது நியாயமான கேள்விதான். இன்னொன்றையும் கேட்க வேண்டும்: பணம் எத்தனை நாளுக்கு ஒருமுறை கணக்கில் ஏறுகிறது? உறுப்பினர் தனியார் பால் வண்டிக்கு மாறுவது விலைக்காக மட்டும் இல்லை, தாமதத்துக்காகவும்தான்.

இதற்கே முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட வேண்டாம், ஏழு மணிக்குமேல் காலைப் பலகாரம். வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் கிடைக்கிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள்.

பத்து மணிக்குத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம். ஊரில் 'சொசைட்டி' என்றோ 'கூட்டுறவு பேங்கு' என்றோ சொன்னால்தான் வழி காட்டுவார்கள். பயணத்திலேயே பார்ப்பதற்கு மிகச் சாதாரணமான நிறுத்தம் இதுதான், விவரம் தெரிந்தவருக்கு மிக நல்ல நிறுத்தமும் இதுதான். பயிர்க்கடன், நகைக்கடன், உரம், விதை, ரேஷன் கடை எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ். பயிர்க்கடனுக்கு வட்டி 7 விழுக்காடு என்று கணக்கில் இருந்தாலும், தவணைக்குள் அசலைக் கட்டினால் தமிழ்நாட்டில் விவசாயிக்கு வட்டி இல்லை. தவறினால் முழு வட்டியும் ஏறும். சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் என்று கையில் பையோடு வருபவர்கள் விதைப்புக் காலத்தில் வாசல் நிறைய இருப்பார்கள். எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்பதை மாவட்ட அளவில் ஒரு குழு ஆண்டுதோறும் தீர்மானிக்கிறது. அந்த அட்டவணையைக் கேட்டால் காட்டுவார்கள். நெல்லுக்கும் கடலைக்கும் மிளகாய்க்கும் உள்ள வித்தியாசத்தை அதில் பார்க்கலாம்.

உரக் கிட்டங்கியில் யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு, டிஏபி 50 கிலோ மூட்டை 1350 ரூபாய் என்ற விலை எழுதியிருக்கும். விரல் ரேகை வைத்து இயந்திரத்தில் பதிந்தபிறகே மூட்டை வெளியே போகும். வேலை செய்து காய்த்த விரலில் ரேகை பதியாமல் பத்து நிமிடம் போராடுவதும், சர்வர் இல்லை என்று மொத்த வரிசையும் வெயிலில் காத்திருப்பதும் அன்றாடக் காட்சி. 'யூரியா கேட்டால் இன்னொன்றையும் சேர்த்து வாங்கச் சொல்கிறார்கள்' என்ற பேச்சு தனியார் கடையைப் பற்றித்தான் அதிகம் வரும். சொசைட்டியில் அது இருக்கிறதா என்று வெளியே நிற்பவரிடம் கேட்பது நல்லது, உள்ளே இருப்பவரிடம் வேண்டாம்.

இதை வழிகாட்டி விளக்கத் தெரியாதவராக இருந்தால் பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுவீர்கள். பெரும்பாலான பயணங்களில் அப்படித்தான் நடக்கிறது. 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அதற்குப் பிறகு ஒழுங்காகக் கட்டியவர் மனநிலை என்ன ஆனது என்ற பேச்சைச் செயலரிடம் எடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் போதாது.

கொஞ்சம் வரலாறும் இங்கே பொருந்தும். கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1904இல் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூர்ப் பக்கம் திரூரில் சங்கம் பதிவானது. வங்காளத்தில் இதேபோன்ற பயணம் போகிறவர்களை சுந்தரவனத்துக் கோசாபாவுக்கு அழைத்துப் போவார்கள். டேனியல் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நிலம் வாங்கிக் குடியேற்றி, கூட்டுறவு முறையில் ஊரை நடத்தி, 1936இல் சொந்தமாக ஒரு ரூபாய்த் தாளே அச்சடித்த இடம் அது. தாகூர் 1922இல் கிராம மறுசீரமைப்புக்குத் தொடங்கிய ஸ்ரீநிகேதனும் வங்காளத்தில்தான் பார்க்க வேண்டும். அங்கே போகிறவர்களுக்கு நினைவிடமும் கதையும் நிறையக் கிடைக்கும். செட்டிநாட்டுச் சுற்றில் கதை குறைவு, நடக்கிற வேலை அதிகம். கதையும் வேண்டும் என்றால் குன்றக்குடிக்குப் போங்கள். காரைக்குடிக்கு மேற்கே பத்துக் கிலோமீட்டர் அளவு. குன்றக்குடி அடிகளார் 1970களிலும் 80களிலும் நடத்திய கிராமத் திட்டம், மடத்தையும் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தையும் ஊர்மக்களையும் ஒன்றாகக் கட்டி, சிறுதொழிலும் கூட்டுறவுமாக ஓடி, தில்லித் திட்டக் குழுவின் காதுவரை எட்டியது. அன்று நடந்தது என்ன, இன்று மிச்சம் என்ன என்று சொல்லத் தெரிந்த உள்ளூர் ஆள் துணைக்கு இருந்தால் மட்டும் போங்கள். இல்லாவிட்டால் மலைக்கோயிலை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள்.

அடுத்தது உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். பயணத்தின் நடுநாயகம் என்று விளம்பரத்தில் போடுவது இதைத்தான். அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். அமைப்பை முதலில் புரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2017–18இல் வந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் ஒரு ஆர்வலர் குழு, ஐந்து ஆர்வலர் குழு சேர்ந்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழு, அதற்குக் கருவி வாங்க 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி, அத்தகைய பத்துக் குழு சேர்ந்தால் ஆயிரம் பேர் கொண்ட நிறுவனம் என்று அடுக்கினார்கள். 2020இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் சமவெளியில் 300 உறுப்பினர் இருந்தால் போதும். நிர்வாகச் செலவுக்கு மூன்றாண்டுக்கு 18 லட்சம் வரையும், உறுப்பினர் போட்ட பங்குத் தொகைக்கு ஈடாக ஆளுக்கு 2000 வீதம் நிறுவனத்துக்கு 15 லட்சம் வரையும் மானியம். சட்டப்படி இது கம்பெனி, சங்கம் இல்லை. ஆனாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு என்ற கூட்டுறவுக் கொள்கைதான்.

சிக்கல் மூன்றாண்டு முடிந்தபின் வருகிறது. மானியத்தில் சம்பளம் வாங்கிய முதன்மை அலுவலர் போய்விடுவார். கணக்கு எழுத ஆள் இருக்காது. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் தாமதக் கட்டணம் நாள்தோறும் ஏறும். அதனால் போகும் நிறுவனம் எந்த ஆண்டு தொடங்கியது என்று முதலில் கேளுங்கள். நான்கு வயதைத் தாண்டியும் கதவு திறந்திருந்தால் அங்கே கற்றுக்கொள்ள ஏதோ இருக்கிறது என்று பொருள். இரண்டாவது கேள்வி: உறுப்பினரில் எத்தனை பேர் சென்ற பருவத்தில் நிறுவனத்துக்கு விற்றார்கள்? 'ஆயிரம் உறுப்பினர்' என்று பலகையில் இருக்கும். விற்றவர் எண்ணிக்கையைச் சொல்லும்போது குரல் இறங்கும். காரணம் எளியது. வியாபாரி களத்துக்கே வந்து, அறுத்த அன்றே ரொக்கம் தருவார். நிறுவனத்திடம் நடைமுறை மூலதனம் இல்லை, வாங்கியவன் பணம் தந்தபிறகே விவசாயிக்குத் தரமுடியும். விலை ஒரு ரூபாய் கூட என்றாலும், வண்டிக்காரனுக்கும் அறுவடை இயந்திரத்துக்கும் அன்றே கூலி கொடுக்க வேண்டியவர் காத்திருக்க மாட்டார்.

தை, மாசியில் போனால் நெல் கொள்முதலை நேரில் காணலாம். ஈரமானி ஒன்று கையில் இருக்கும். அரசின் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு ஈரப்பதம்வரை எடுப்பார்கள். அதற்குமேல் இருந்தால் திரும்பக் களத்தில் காயப் போட வேண்டும். சேமித்து வைக்க 14க்குக் கீழே வரவேண்டும், விதைக்கு 13. இயந்திர அறுவடை வந்தபிறகு பச்சையாகவே நெல் களத்துக்கு வருவதால் இதில்தான் சண்டை எல்லாம். 2025–26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குப் பொதுரகம் 2500 ரூபாய், சன்னரகம் 2545 ரூபாய். கொள்முதல் நிலையத்தில் மூட்டை 40 கிலோ, சாக்கின் எடை தனி. எடை போடும்போது சாக்குக்கு எவ்வளவு கழிக்கிறார்கள், சிந்தின நெல் யாருக்குப் போகிறது, தூக்குக்கூலி யார் கொடுக்கிறார் என்று கவனித்தால் போதும், கேட்க வேண்டாம். கேட்டால் தராசு நின்றுவிடும்.

நிறுவனத்துக் கடையில் எல்லோரும் கைவைப்பது கறுப்புக் கவுனி. கல்யாணப் பந்தியில் கவுனி அரிசி இல்லாமல் செட்டிநாட்டில் இலை நிறையாது, அதனால் வெளியூர்க்காரரும் இரண்டு கிலோ வாங்காமல் போவதில்லை. இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். நாட்டுக் கவுனி உயரமாக வளர்ந்து, வயதும் (விளைய ஆகும் நாளும்) ஏறி, மழைக்காற்றில் சாயும் பயிர். விளைச்சல் குறைவு, விலை அதனால்தான் கூடுதல். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் கவுனியை வைத்தே உருவாக்கிய கோ 57 என்ற கறுப்பு ரகமும் இப்போது வயலில் இருக்கிறது. வயது குறைவு, விளைச்சல் கூடுதல். அதுவும் நல்ல அரிசிதான். ஆனால் நாட்டுக் கவுனி விலையில் அதை வாங்கக் கூடாது. 'இது நாட்டுக் கவுனியா, கோ 57ஆ' என்று நேராகக் கேளுங்கள். நெல் கொடுத்த விவசாயியின் ஊர் பெயரைச் சொல்ல முடிகிற கடையில் வாங்குங்கள்.

சாயம் ஏற்றியதா என்ற பயம் வேண்டாதது. கவுனியின் நிறம் தவிட்டுத் தோலில் இருக்கிறது, ஊற வைத்தால் தண்ணீர் ஊதாவாகத்தான் ஆகும். அந்தத் தண்ணீரில் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் சிவக்கும், சமையல் சோடா போட்டால் நீலத்துக்குப் போகும். இயற்கை நிறம் என்றால் இப்படி மாற வேண்டும். அரிசியைக் கடித்துப் பார்த்தால் உள்ளே வெளுப்பு தெரிய வேண்டும். பட்டை தீட்டாத அரிசி என்பதால் தவிட்டு எண்ணெய் காறும், வண்டும் சீக்கிரம் வரும். அரைத்த தேதி மூன்று மாதத்துக்கு மேலானால் வாங்காதீர்கள். பொட்டலத்தில் தேதி இல்லை என்றால் முகர்ந்து பாருங்கள், பழைய எண்ணெய் வாடை அடித்தால் வைத்துவிடுங்கள். வீட்டில் ஒரு இரவு முழுதும் ஊற வைத்து, ஊறிய தண்ணீரோடு ஒன்றுக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்துக் குக்கரில் ஏழெட்டு விசில் விட வேண்டும். சீனியை அரிசி வெந்தபிறகுதான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் அரிசி விறைத்துக்கொண்டு வேகாது. பிறகு தேங்காய்ப்பூவும் நெய்யும். ஊறாமல் வைத்துவிட்டு 'அரிசி சரியில்லை' என்று கடைக்காரரைத் திட்டுகிறவர்கள் நிறைய.

செக்கு ஆலை எல்லாப் பயணத்திலும் உண்டு. வாகை மர உரல், மெதுவாகச் சுற்றும் உலக்கை, சுற்றிலும் புண்ணாக்கு வாசம், படம் எடுக்க நன்றாக இருக்கும். எண்ணெய் வாங்கும்முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும், ஒன்றரைக் கிலோவை ஒட்டிப் புண்ணாக்கு மிஞ்சும். பருப்பு கிலோ 120 ரூபாய், புண்ணாக்கு 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 300இல் 60 போக 240 ரூபாய் முதலிலேயே அடக்கம். மின்சாரம், கூலி, பாட்டில் எல்லாம் அதற்குமேல். அன்றைய பருப்பு விலையைக் கேட்டு இந்தக் கணக்கைப் போட்டு, அதற்குக் கீழே விற்றால் அது முழுக்கச் செக்கில் ஆட்டியதாக இருக்க வழியில்லை. எண்ணெயைவிட முக்கியம், ஆட்டப்போகும் பருப்பு மூட்டையைத் திறந்து பார்ப்பது. கறுத்த, சுருங்கிய, பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்காமல் போட்டால் பூசண நஞ்சும் எண்ணெயோடு வந்துவிடும், செக்கில் அதை வடிகட்ட வழி கிடையாது. பருப்பு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஆட்டிய எண்ணெய் இரண்டு மூன்று நாள் தெளிந்தபிறகே பாட்டிலுக்குப் போக வேண்டும். தெளியாததை வாங்கினால் வாணலியில் நுரைத்துப் பொங்கும். நல்லெண்ணெய்க்குக் கருப்பட்டி போட்டு ஆட்டுவது இந்தப் பக்கத்து வழக்கம், கலப்படம் என்று நினைக்க வேண்டாம்.

புதுவயல் அரிசி ஆலைகள் பக்கத்தில்தான். ஊறல் தொட்டி, ஆவி, களம், அரவை என்று புழுங்கல் அரிசி போகிற வழியை அரைமணியில் பார்க்கலாம். அவை தனியார் ஆலைகள், கூட்டுறவு இல்லை. நேரம் இருந்தால் மட்டும் பார்த்தால் போதும். ஊறல் தண்ணீரை மாற்றாத ஆலையில் அரிசிக்கு ஒரு புளித்த வாடை ஏறும், அதை மூக்காலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மதியச் சாப்பாட்டைப் பயணத்தோடு சேர்த்துத் தருகிறார்கள். சங்கத்து மகளிர் குழு சமைக்கும் சாப்பாடு என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி களைந்த தண்ணீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டி, தண்ணீர்க் குழம்பு, கும்மாயம் எல்லாம் மெஸ்ஸில் கிடைக்காத கைப்பக்குவத்தில் வரும். விடுதியிலேயே சாப்பாடு என்றால் கட்டணத்திலிருந்து அதைக் கழிக்கச் சொல்லி ஊரில் சாப்பிடலாம். கட்டணத்தில் பெரும்பங்கு காருக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. சங்கத்துக்கு என்ன போகிறது என்று கேட்டால், 'அவர்கள் கடையில் நீங்கள் வாங்குவதுதான்' என்று பதில் சொல்கிற ஏற்பாட்டாளரை விட்டுவிடுங்கள். காலை நேரத்தில் வேலையை நிறுத்தி விளக்கம் சொல்பவருக்கு ஒரு தொகை ஒதுக்கத் தெரிந்தவரிடம்தான் வேலையும் ஒழுங்காக இருக்கும்.

வழித்தடத்தில் எல்லாவற்றையும் சேர்க்கப் பார்ப்பதுதான் நாளைக் கெடுக்கிறது. குன்றக்குடி மேற்கே, கானாடுகாத்தான் வடக்கே, புதுவயல் கிழக்கே, தேவகோட்டை தெற்கே. நான்கையும் தொட்டால் பாதி நாள் காரில் போகும். ஒரு திசையைத் தேர்ந்து, அதில் பால் சொசைட்டி, கடன் சங்கம், உற்பத்தியாளர் நிறுவனம் மூன்றும் வருமாறு பாருங்கள். கயிற்றுத் தொழிலுக்குச் சிங்கம்புணரி நல்ல இடம், ஆனால் தூரம். குண்டு மிளகாய்க்கு இளையான்குடி, ராமநாதபுரம் பக்கம் தனி நாளே வேண்டும். செட்டிநாடு அரசு கால்நடைப் பண்ணையைப் பட்டியலில் போட்டிருந்தால், முன் அனுமதி வாங்கியாயிற்றா என்று கேளுங்கள். வாங்காமல் கேட் வரை கூட்டிப்போய்த் திருப்புவது நடக்கிறது. ஆத்தங்குடியை வெட்டினால் ஒரு மணி நேரம் மிச்சம்.

பருவம் பார்த்துப் போங்கள். இது மழையையும் கண்மாயையும் நம்பிய ஒருபோகச் சீமை. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, உரம், கடன் எல்லாம் சூடாக இருக்கும், மழையில் பாதை மட்டும் சேறு. தை, மாசியில் அறுவடையும் கொள்முதலும். பங்குனிக்குமேல் வயலில் ஒன்றும் இருக்காது. முந்திரியும் பதநீரும்தான். அப்போது போகிறவர்கள் பால் சொசைட்டியையும் செக்கையும் மட்டும் முடித்துக்கொண்டு வீடு பார்க்கப் போகலாம். ஞாயிற்றுக்கிழமை கடன் சங்கம் பூட்டியிருக்கும், மாத முதல் வாரத்தில் ரேஷன் கூட்டத்தில் யாருக்கும் பேச நேரம் இருக்காது.

கடன் சங்கத்திலும் நிறுவனத்திலும் பெண்களுக்குக் கழிப்பறை இருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம், வழியில் எங்கே நிறுத்துவார்கள் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பேரேட்டையும் கடன் பட்டியலையும் படம் எடுக்காதீர்கள், அதில் மற்றவர் பெயரும் பாக்கியும் இருக்கிறது. கடையில் வாங்கினால் நிறுவனத்தின் பெயரில் பில் கேளுங்கள். பில் இல்லாமல் வாங்கிய அரிசி அவர்கள் கணக்கில் விற்பனையாக ஏறாது, விற்பனை ஏறாத நிறுவனத்துக்கு வங்கி அடுத்த பருவத்தில் கடன் தராது.